முப்பந்தல் காத்தாடியும் ஐம்பது சதவீதமும்

2025 ஜூலையில ஒரு மத்தியானம். ஆபீஸ்ல வழக்கம்போல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். பக்கத்து சீட் நண்பர் மொபைலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். "பாஸ், பார்த்தீங்களா? இந்தியாவுல பாதி கரன்ட் இப்ப நிலக்கரி இல்லாம வருதாம். 2030-ல தொட வேண்டிய இலக்கை அஞ்சு வருஷம் முன்னாடியே தொட்டாச்சாம்."

செய்தியை முழுசா படிச்சேன். அவர் சொன்னது அதுல இல்லை. பாதி 'நிறுவுதிறன்'னு இருந்தது. அதைச் சொன்னதும் "ரெண்டும் ஒண்ணுதானே பாஸ், எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டார். ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறதை அவருக்குச் சொல்றதுக்காக அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சது, பழைய கதைகள்ல புகுந்து எங்கெங்கயோ போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல என் சொந்தக் கதை கொஞ்சம். எனக்கு ஊர் வள்ளியூர் பக்கம். தெற்கே பத்துப் பதினைஞ்சு மைல் போனா ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல். நாலுவழிச் சாலையில நாகர்கோவில் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் காடு மாதிரி காத்தாடிகள். (காற்றாலைன்னு எழுதணும். எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்லை.) 2012-ல நான் பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் தமிழ்நாட்டுல இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல கரன்ட் இருக்காது. ஐப்பசியில காத்து நின்னதும் இன்னும் மோசமாச்சு. மொட்டை மாடியில எமர்ஜென்சி விளக்கை வச்சுக்கிட்டு சமூக அறிவியல் மனப்பாடம் பண்ணுவேன். தெக்குப் பக்கம் வரிசையா காத்தாடிகள் அசையாம நிக்கும், உச்சியில சிவப்பு விளக்கு மட்டும் மின்னும். இத்தனை காத்தாடி இருந்தும் நமக்கு ஏன் கரன்ட் இல்லைன்னு அப்பாகிட்ட கேட்டேன். "அது கரன்டுக்கு வச்சதில்லடே, வரிக்கு வச்சது"ன்னார். அப்ப அதை ஜோக்னு நினைச்சேன்.

அப்போ தமிழ்நாட்டுல காற்றாலைகளோட நிறுவுதிறன் சுமார் 7,000 மெகாவாட். இந்தியாவுலயே முதலிடம். பேப்பர்ல அந்த 7,000 எப்பவும் 7,000-தான். காத்து அடிச்சாலும் நின்னாலும் அது மாறாது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு நாடு 'இந்த வருஷத்துக்குள்ள இவ்வளவு சுத்தமான மின்சாரம்'னு இலக்கு வைக்கும்போது எல்லாரும் அந்த நம்பரைத்தான் பார்க்கிறோம். நம்பருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற அலகை யாரும் பார்க்கிறதில்லை. மெகாவாட்டா, யூனிட்டா? என் கட்சி என்னன்னா, கடைசியில என்ன கட்டப்படும்னு முடிவு பண்றது அந்த அலகுதான்.

இதுக்கு அமெரிக்காவுல இருந்து ஆரம்பிக்கணும்.

1979 ஜூன் 20. எண்ணெய் விலை எகிறி, பெட்ரோல் பங்குகள்ல கார்கள் வரிசையில நின்ன காலம். அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில ஏறி நின்னு, 32 சூரியப் பலகைகளைத் திறந்து வச்சார். மின்சாரம் தயாரிக்கிற பலகை இல்லை, தண்ணி சுட வைக்கிறது. அன்னிக்கு அவர் அறிவிச்ச தேசிய இலக்கு: 2000-ம் வருஷத்துக்குள்ள நாட்டோட மொத்த எரிசக்தியில 20 சதவீதம் சூரியன்ல இருந்து. அணை மின்சாரம், விறகு எல்லாத்தையும் அந்தக் கணக்குல சேர்த்துத்தான். சூரிய வங்கி, வரிச்சலுகை, ஆராய்ச்சிக்குப் பணம்னு திட்டங்களும் இருந்தது. இந்தப் பலகை வருங்காலத்துல ஒரு மியூசியம் பொருளாகவும் ஆகலாம்னு அந்தப் பேச்சுலயே சொல்லியிருக்கார் மனுஷன்.

வாய் முகூர்த்தம் பலிச்சுது. அடுத்து வந்த ரீகன் அரசு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுச்சு. கொலராடோவுல இருந்த சூரிய ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனத்தோட இயக்குநர் டெனிஸ் ஹேய்ஸை 1981-ல வீட்டுக்கு அனுப்பினாங்க. 1986-ல கூரை ரிப்பேர்னு கழட்டின பலகைகள் திரும்ப மேல ஏறவே இல்லை. அதுல ஒண்ணு இப்ப ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. இன்னொண்ணு சீனாவுல தெஜௌ நகரத்துல இருக்கிற சூரியசக்தி மியூசியத்துல. உலகத்துக்கே சோலார் பலகை விக்கிற நாட்டுல!

1979-ல அமெரிக்காவோட மொத்த எரிசக்தியில புதுப்பிக்கத்தக்க வகைகளோட பங்கு சுமார் 6 சதவீதம். 2000-ல? அதே சுமார் 6 சதவீதம். இருபத்தொரு வருஷம், ஒரு இஞ்ச் நகரலை.

ஆனா அந்தக் காலத்துல ஒரு இடத்துல மட்டும் நிஜமாவே பெரிய வேலை நடந்தது: கலிபோர்னியா. 1978-ல வந்த ஒரு சட்டம், சின்ன உற்பத்தியாளர்கள்கிட்ட இருந்து மின் கம்பெனிகள் கரன்ட் வாங்கியே ஆகணும்னு சொல்லிச்சு. கூடவே மத்திய அரசும் மாநில அரசும் வரிச்சலுகை கொடுத்தது. காத்தாடியில போட்ட பணத்துல கிட்டத்தட்ட பாதி வரியிலயே திரும்பிடும். ஆல்டமான்ட் கணவாயில ஆயிரக்கணக்குல காத்தாடி முளைச்சுது. வில்லங்கம் எங்கன்னா, சலுகை போட்ட முதலுக்கு, ஓட்டுன யூனிட்டுக்கு இல்லை. டாக்டர்களும் வக்கீல்களும் டிசம்பர் 31-க்குள்ள ஒண்ணு நட்டுடணும்னு ஓடினாங்க. சோதிச்சுப் பார்க்காத டிசைன்கள் நிறைய. இறக்கை பிய்ச்சுக்கிட்டுப் போனது, கியர் உடைஞ்சது, நட்டுட்டு ஓடவே ஓடாததுன்னு எல்லா ரகமும் இருந்தது. 1985 கடைசியில மத்திய சலுகை முடிஞ்சதும் சந்தை படுத்துடுச்சு. அந்தச் சந்தையை நம்பியிருந்த டென்மார்க்கோட வெஸ்டாஸ் கம்பெனியே 1986-ல திவாலாகித்தான் எழுந்திருச்சுது.

அந்த அடியில அமெரிக்கா ஒண்ணு கத்துக்கிச்சு. 1992-ல காத்துக்குத் திரும்ப சலுகை கொடுத்தப்போ, உற்பத்தி பண்ற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்றரை சென்ட்னு மாத்தி எழுதினாங்க. ஓடினா காசு, ஓடலைன்னா இல்லை. சலுகை அடிக்கடி காலாவதியாகி உயிர் பெறுறதுங்கற கூத்து தனியா நடந்தது, ஆனா குப்பைக் காத்தாடி நடுற பிழைப்பு முடிஞ்சுது.

இப்ப கதை நம்ம ஊருக்கு வருது.

1986 வாக்குல தூத்துக்குடி, குஜராத்தோட ஓகா, மகாராஷ்டிராவோட ரத்தினகிரின்னு கடலோரங்கள்ல 55 கிலோவாட் காத்தாடிகளை சோதனைக்கு வச்சாங்க. அப்புறம் டென்மார்க் அரசு உதவியோட முப்பந்தல், கயத்தாறு பக்கம் பண்ணைகள் வந்தது. கணவாய் வழியா பிதுங்கி வர்ற தென்மேற்குக் காத்து, உலகத்தரம். 90-கள்ல தனியார் உள்ளே வந்தாங்க. அவங்களை இழுத்தது காத்து மட்டும் இல்லை, 'விரைவுத் தேய்மானம்'னு ஒரு வரிக் கணக்கு. காத்தாடிக்குப் போட்ட முதல் முழுசையும் முதல் வருஷமே தேய்மானமா எழுதிக்கலாம். பின்னாடி அது 80 சதவீதம் ஆச்சு. நல்ல லாபத்துல ஓடுற ஒரு நூற்பு மில்லுக்கு இது கற்பகவிருட்சம். மில்லுக்குக் கரன்டும் ஆச்சு, கட்ட வேண்டிய வரியும் குறைஞ்சுது. மார்ச் 31 நெருங்க நெருங்க எங்க ஊர் ரோட்டுல இறக்கை ஏத்தின லாரிகள் பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். 1996-ல குறைந்தபட்ச மாற்று வரின்னு ஒண்ணு வந்து லாபக் கம்பெனிகள் எப்படியும் கொஞ்சம் வரி கட்டணும்னு ஆனதும், காத்தாடி நடுறது திடீர்னு விழுந்தது. முப்பந்தல்ல காத்து என்னவோ எப்பவும் போலத்தான் அடிச்சுது.

அப்பா சொன்னது ஜோக் இல்லைன்னு இதைப் படிச்சப்போதான் புரிஞ்சுது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த வரிச்சலுகை இல்லைன்னா 7,000 மெகாவாட்டும் வந்திருக்காது, காத்து சீசன்ல கிடைக்கிற மின்சாரமும் வந்திருக்காது. அந்த மில்காரங்க ஓட்டவும் செஞ்சாங்க. ஆனா உயரமான கோபுரம், பெரிய இறக்கை, அதிக யூனிட் எடுக்கிற இயந்திரம்னு யோசிக்க அந்தக் கணக்குல காரணம் கம்மி. 2009 கடைசியிலதான் மத்திய அரசு யூனிட்டுக்கு 50 பைசா உற்பத்தி ஊக்கத்தொகைன்னு ஒண்ணு கொண்டு வந்தது. கலிபோர்னியா 1985-ல பட்ட பாடத்தை நாம படிக்க கால் நூற்றாண்டு ஆச்சு.

இதே காலத்துல ஜெர்மனி வேற மாதிரி எழுதிச்சு. 2000-ல வந்த சட்டத்துல, நாட்டு மின்சாரத்துல புதுப்பிக்கத்தக்க பங்கை 2010-க்குள்ள குறைஞ்சது ரெட்டிப்பாக்கணும்னு இலக்கு. மெகாவாட் பேச்சே இல்லை, மின்சாரத்துல பங்கு. காசும் அதே அலகுல: கிரிட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 20 வருஷத்துக்கு நிச்சய விலை. அப்ப 6 சதவீதம் சொச்சம் இருந்தது, 2010-ல சுமார் 17. 2020-க்கு வச்ச இலக்கு 35, வந்தது 45 கிட்ட. சும்மா வரலை. ஜனங்க மின்கட்டணத்துல தனியா ஒரு தொகை கட்டினாங்க. 2017-ல அது யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரைக்கும் போய், 2022 ஜூலையிலதான் கட்டணத்தை விட்டு எடுத்தாங்க. நிலக்கரியை மூடுறதுக்கு முன்னாடி அணு உலையை மூடினது புத்திசாலித்தனமான்னு எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு. அது தனிச் சண்டை, இப்ப வேண்டாம்.

நம்ம கதையில அடுத்து 2010 ஜனவரி 11, ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கம். 2022-க்குள்ள 20,000 மெகாவாட். அப்போ இந்தியாவுல கிரிட்டோட சேர்ந்த சோலார் சில மெகாவாட்தான். ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விலை யூனிட்டுக்கு 17 ரூபா 91 காசு! இதை எந்த மின்வாரியம் வாங்கும்? அதுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினாங்க. என்.டி.பி.சி.யோட வணிகப் பிரிவு அந்த விலையுயர்ந்த சோலாரை வாங்கி, மத்திய அரசு கையில யாருக்கும் ஒதுக்காம வச்சிருந்த மலிவான நிலக்கரி மின்சாரத்தோட கலந்து, சராசரி விலையில மாநிலங்களுக்கு வித்தாங்க. ஃபில்டர் காபியில சிக்கரி கலக்குற மாதிரி. நிலக்கரிதான் சோலாருக்குப் பால் கொடுத்து வளர்த்ததுன்னு சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்.

ஏலம் விட்டாங்க. 2010 டிசம்பர்லயே விலை 11 ரூபாய்க்குக் கீழ வந்துடுச்சு. 2015 ஜூன்ல இலக்கை அஞ்சு மடங்காக்கி 1 லட்சம் மெகாவாட்டுன்னு அமைச்சரவை முடிவு பண்ணுச்சு. காத்து 60,000, உயிர்க்கழிவு 10,000, சிறு நீர்மின்சாரம் 5,000 சேர்த்து மொத்தம் 1,75,000 மெகாவாட், 2022-க்குள்ள. 2017 மே மாசம் ராஜஸ்தான் பட்லாவுல ஏல விலை 2 ரூபா 44 காசு. பழைய 20,000 இலக்கை 2018 தொடக்கத்துலயே, நாலு வருஷம் முன்னாடி தாண்டியாச்சு.

இந்த இடத்துல என் கட்சிக்கு நானே ஆப்பு வச்சுக்கணும். இது மெகாவாட் இலக்கு. ஜெயிச்சுது. 2010-ல 'மின்சாரத்துல இத்தனை சதவீதம்'னு வச்சிருந்தா ஏலத்துக்கு யார் வந்திருப்பாங்க? 'இவ்வளவு மெகாவாட் வாங்கப் போறேன்'னு சொன்னாத்தான் பலகை செய்றவன், கடன் கொடுக்கிறவன், நிலம் வச்சிருக்கிறவன் எல்லாரும் கணக்குப் போட முடியும். இல்லாத ஒரு சந்தையை உருவாக்க மெகாவாட் நல்ல அலகு. அதை முழுசா ஒத்துக்கறேன்.

சந்தை வந்தப்புறமும் அதே அலகைக் கட்டிக்கிட்டு நிக்கறதுலதான் சிக்கல். 2019 மார்ச்ல பெரிய அணை மின்சாரமும் 'புதுப்பிக்கத்தக்கது'தான்னு அரசு அறிவிச்சுது. அறிவியல்படி தப்பில்லை. ஆனா 2022 டிசம்பர் முடியும்போது பழைய கணக்குல 1,75,000-க்கு சுமார் 1,21,000-தான் வந்திருந்தது. கூரை சோலார் 40,000 இலக்குல கால்வாசி கூட எட்டலை. அணைகளோட சுமார் 47,000-ஐச் சேர்த்தா 1,68,000. அடடா, கிட்டத்தட்ட வந்துட்டோமே! ஒரு புது யூனிட் கூட உற்பத்தி பண்ணாம இவ்வளவு முன்னேற்றம். :-)

இதை விட சுவாரசியம் கிளாஸ்கோ. 2021 நவம்பர் 1, பிரதமர் மோடி அஞ்சு உறுதிமொழி கொடுத்து 'பஞ்சாமிர்தம்'னு பேர் வச்சார். முதல் உறுதி, 2030-க்குள்ள 500 கிகாவாட் புதைபடிவம் சாரா திறன். ரெண்டாவது, எரிசக்தித் தேவையில 50 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வகையில இருந்து. 'தேவை'ங்கறதை அடிக்கோடு போட்டுக்கோங்க. 2022 ஆகஸ்ட்ல ஐ.நா.வுக்கு எழுத்துல போனது என்ன? மின்சார 'நிறுவுதிறன்'ல சுமார் 50 சதவீதம், 'புதைபடிவம் சாரா' மூலங்கள்ல இருந்து. 500 கிகாவாட் அந்தக் காகிதத்துல இல்லவே இல்லை, அது உள்நாட்டு இலக்கா மட்டும் தங்கிடுச்சு. மேடைக்கும் காகிதத்துக்கும் நடுவுல ஒன்பது மாசத்துல ரெண்டு வார்த்தை மாறிச்சு, 50 மட்டும் அப்படியே நின்னுது.

இப்ப நண்பர் காட்டின செய்திக்கு வருவோம். 2025 ஜூன் கடைசியில மொத்த நிறுவுதிறன் சுமார் 485 கிகாவாட். சோலார், காத்து வகையறா 185, பெரிய அணைகள் 49, அணு 9 கிட்ட. கூட்டினா 243. மறுபக்கம் நிலக்கரி, எரிவாயு எல்லாம் சேர்த்து 242. பாதிக்கு மேல, மயிரிழையில.

ஆனா ஒரு மெகாவாட் வருஷம் பூரா முழு மூச்சா ஓடினா 87.6 லட்சம் யூனிட். சோலார் ராத்திரி தூங்கும், மேகத்துல சிணுங்கும். அஞ்சுல ஒரு பங்குன்னு வச்சா 17, 18 லட்சம் யூனிட் வரும். அனல் நிலையம் மூணுல ரெண்டு பங்கு ஓடினா 58 லட்சம். ஒரு மெகாவாட்டுக்கு எதிரா ஒரு மெகாவாட் வச்சா தராசு சமமா நிக்காது. 2024-25 நிதியாண்டுல நாட்டுல உற்பத்தியான மின்சாரத்துல சுமார் முக்கால் பங்கு அனல் மின்சாரம்தான். திறன்ல பாதி, யூனிட்டுல கால்.

நாங்க பொட்டி தட்டுற வேலையில இதை தினமும் பார்க்கிறோம். ஒரு டீம்ல 'மாசம் இத்தனை பக் மூடணும்'னு டார்கெட் வச்சாங்க. ஒரே பக்கை மூணா உடைச்சுப் பதிஞ்சு மூணையும் மூடினாங்க பசங்க. ரிப்போர்ட் ஜோரா இருந்தது. சாஃப்ட்வேர் அப்படியேதான் இருந்தது.

மெகாவாட்டைத் துரத்தினா எது விட்டுப்போகும்னு 2025-லயே தெரிஞ்சுது. ராஜஸ்தான்ல நல்ல வெயில்ல, கரன்டைக் கொண்டு போக லைன் இல்லாம சோலார் நிலையங்களைக் குறைச்சு ஓட்டச் சொன்னாங்க. பலகை நட ஒன்றரை வருஷம் போதும், உயர் அழுத்த லைன் இழுக்க அதுக்கு மேல ஆகும். லைன் போட்டா மெகாவாட் கணக்குல ஒண்ணும் ஏறாது. பேட்டரி வச்சாலும் ஏறாது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் விளக்கு, ஃபேன், ஏசி போடும்போது சூரியன் போயிருக்கும். அந்த ஏழு மணியை நிறுவுதிறன் கணக்கு பார்க்கவே பார்க்காது. யூனிட் கணக்கு பார்க்கும்.

யூனிட்டுல எழுதின இலக்கு நம்மகிட்ட இல்லாமல் இல்லை. மின்வாரியங்கள் தாங்க விக்கிற மின்சாரத்துல இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னு கட்டாயக் கொள்முதல் விதி 2003 மின்சாரச் சட்டத்துலயே விதை போட்டது. 2029-30-க்கு அந்த நம்பர் 43.33 சதவீதம். வருஷங்களா நிறைய மாநிலங்கள் அதை எட்டாமலேயே விட்டதும், அபராதம்னு பெருசா ஒண்ணும் விழாததும் பழைய கதை. இதுக்கு எந்தத் தலைவரும் மேடையில கை தட்டல் வாங்கினதில்லை. 43.33-ங்கறது போஸ்டர்ல போட வசதியான நம்பரும் இல்லை. ஆனா எனக்கு 500-ஐ விட இதுதான் முக்கியமாப் படுது.

நண்பருக்கு இதையெல்லாம் ஒரு பேப்பர்ல கணக்காப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி பாஸ், கால்தான். 2010-ல இருந்ததை விட அதிகம்தானே? அந்த 50-ன்னு ஒரு நம்பர் இல்லைன்னா இந்தக் கால் வந்திருக்குமா?"ன்னார். அதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை.

போன வாரம் பெரியப்பாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தேன். அவரோட பழைய நிலத்துல 90-கள்ல நட்ட ஒரு சின்னக் காத்தாடி இருக்கு. நிலத்தை அப்பவே வித்துட்டார், ஆனா தினம் அந்த வழியாத்தான் தோட்டத்துக்குப் போவார். காத்து சீசன் எப்படி, அது ஓடுதான்னு கேட்டேன்.

"பெருசெல்லாம் நல்லா சுத்துதுடே. இது ரெண்டு வருசமா நிக்கி. ஒரு பய வந்து எட்டிப் பாக்கல."

அதோட கிலோவாட்டு இன்னும் மாநிலக் கணக்குல இருக்கான்னு தேடிப் பார்க்கணும்.